கொடுவாள் வாங்கப் போனால் ஆதார் கேட்கிறார்கள். பெரிய கத்திக்குத் தடை வந்தால் தோட்டக்காரன் என்ன செய்வான்?

காப்பிக்காடு
எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பி இருக்கிறது. நிழலுக்குச் சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக் கொடி. கிளை கழிக்கிற கொடுவாளில் விரிசல் விழுந்துவிட்டதால் போன வாரம் சேலத்துக்கு இறங்கிப் புதிதாக ஒன்று வாங்கினேன். பட்டறைக்காரர் ஒரு நோட்டை நீட்டிப் பெயர், ஊர், போன் நம்பர், எதற்கு வாங்குகிறேன் என்பதையெல்லாம் எழுதச் சொன்னார். ஆதாரையும் போனில் படம் பிடித்துக்கொண்டார். என் அப்பாவின் கொடுவாளை அடித்தது அவருடைய அப்பா. அவருக்கும் சங்கடம்தான், தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். நானும் எழுதிக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் வண்டிச் சோதனை. பைக்கின் பக்கப் பையில் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. "எதுக்குய்யா இது?" என்றார். காப்பித் தோட்டம் என்றேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கால் மணி நேரம் நிற்க வைத்து அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் ஒரே போடாகப் போட்டார்: "ஒன்பது அங்குலத்துக்கு மேல் எதையும் விற்கவே விடக்கூடாது. வெளிநாட்டில் எல்லாம் தடை செய்துவிட்டார்கள்." அதுதான் கேட்கிறேன். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? தடை என்று வந்தால் எங்கள் கதி என்ன?

லீபஜார் பையன்
தடை வரட்டும் அண்ணா. உங்களுக்குக் கால் மணி நேரம் போனதுதான் கஷ்டம். பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ போடுகிற பையன்களை இந்த ஊரில் நான் வாரம் ஒன்று பார்க்கிறேன். 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே ஒரு ரவுடியின் பிறந்தநாளில் போலீஸ் புகுந்து எழுபது பேருக்கு மேல் பிடித்தது. அங்கே கேக் வெட்ட இருந்ததும் அருவாதான். எங்கள் தெருவில் அந்த வீடியோவை அன்று மட்டும் நாலு பேர் எனக்கு அனுப்பினார்கள், ஏதோ படத்து டிரெய்லர் மாதிரி.

கோர்ட் குமாஸ்தா
டீக்கடைக்காரர் 9 அங்குலத்தைக் காற்றில் பிடிக்கவில்லை, அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், எது ஆயுதம் என்று சொல்லும்போதே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமென்று செய்த பொருள்களை விலக்கிவிடுகிறது. அதற்கு அது காட்டும் உதாரணம் லத்தியும் சாதாரணக் கைத்தடியும். (லத்தி ஆயுதமில்லை என்று அடி வாங்கியவனிடம் சொல்லிப் பாருங்கள். அது வேறு கதை.) அப்புறம் விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள், ஈட்டி, கிர்பான், குக்ரி என்று ஒரு வரிசை வருகிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள அலகுகளைப் பற்றிய பேச்சு அங்கேதான். அந்த இடத்திலும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் இந்த நான்குக்காகச் செய்தவை கணக்கில் வராது. ஆகவே உங்கள் கொடுவாள் ஒரு அடி நீளமும் மூன்று அங்குல அகலமும் இருந்தாலும் அது விவசாயக் கருவிதான்.

இன்னொன்று. துப்பாக்கிக்கு நாடு முழுக்க லைசென்ஸ் வேண்டும். கூரான ஆயுதத்தை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. அது மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் செல்லும். குடகர்களுக்குத் தனி விலக்கு உண்டு. சீக்கியர்களின் கிர்பான் அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது.

சரி, கொடுவாளால் ஒருவனை வெட்டிவிட்டால்? அப்போது விவசாயம், வீடு என்ற பேச்சே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆவது பிரிவு, சுட, குத்த, வெட்டப் பயன்படும் எந்தக் கருவியானாலும் என்கிறது. வெங்காயம் நறுக்குகிற கத்திக்கும் அதே பிரிவுதான்.

முறுக்கு
எல்லையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முனியப்பன் கையில் இருப்பது எத்தனை அங்குலம் குமாஸ்தா சார்? ஆதார் ஜெராக்ஸ் வாங்கியாச்சா?

கோர்ட் குமாஸ்தா
அவரை விசாரிக்கிற ஏட்டு இன்னும் பிறக்கவில்லை.

லீபஜார் பையன்
சிரிப்பெல்லாம் சரி. விவசாயத்துக்குச் செய்தது என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றால் அது சட்டமா ஓட்டையா? என் வயதுப் பையன் இடுப்பில் வீச்சரிவாளோடு நிற்கிறான், கேட்டால் தென்னந்தோப்பு என்கிறான். அவன் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், தோப்பு எங்கே இருந்து வந்தது?

நைட் டியூட்டி
ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தம்பி லீபஜார், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் நீளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்.

அரிவாள் வெட்டு வந்தால் வார்டே பதறும், ரத்தம் அப்படி இருக்கும். பெரும்பாலும் முன்கையிலும் விரல்களிலும்தான் விழுந்திருக்கும், தடுக்கப் போன கை. தசைநார் அறுந்து, அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த விரல் மடங்காது. பார்க்கக் கோரமாக இருந்தாலும் எங்கே அடைக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். என்னை அதிகமாகப் பயமுறுத்துவது காய்கறிக் கத்திக் குத்து. மேலே ஒரு அங்குலம்கூட இருக்காது. சட்டையில் சின்னக் கறை. ஆள் நடந்தே வருவார், தண்ணீர் கேட்பார். உள்ளே கல்லீரலோ குடலோ போயிருக்கும். நான் பார்த்தவரை அதில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் நடந்தவை: குடித்துவிட்டு வந்த சண்டையில் கைக்கு எட்டியதை எடுத்திருப்பார்கள். அப்போது அடுப்படியில் எட்டுவது கொடுவாளா என்ன?

2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மூன்று அவசரப் பிரிவு மருத்துவர்கள் இதையேதான் எழுதினார்கள். நீளமான கூர்முனைச் சமையல் கத்தியின் விற்பனையைத் தடை செய்யுங்கள் என்றார்கள். அதற்காகப் பத்து சமையல் வல்லுநர்களிடம் போய்க் கேட்டார்களாம், நீளக் கத்தியில் அந்தக் கூர்முனை உங்களுக்கு அவசியமா என்று. அப்படியொன்றும் இல்லை என்றுதான் பதில் வந்தது. அன்று எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. நம் பாட்டிகளின் அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். எத்தனை பெரிய அலகு! அதைத் தூக்கிக்கொண்டு யாரும் சண்டைக்கு ஓட முடியாது.

சம்பந்தமில்லாமல் ஒன்று: குத்திய கத்தி உடம்பிலேயே நின்றால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். சுற்றித் துணி வைத்து அசையாமல் கட்டி அப்படியே தூக்கி வாருங்கள். பிடுங்கிவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே இழந்திருக்கிறோம்.

காப்பிக்காடு
அக்கா, கடைசிப் பத்தியைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

மெல்பர்ன் சேலத்தான்
வெளிநாட்டில் தடை என்று டீக்கடையில் சொன்னது எங்கள் ஊரைப் பற்றியும் இருக்கலாம். நான் அம்மாபேட்டைக்காரன், இப்போது விக்டோரியா மாநிலத்தில். 2025 மே மாதம் இங்கே ஒரு பெரிய வணிக வளாகத்தில் இளைஞர் கும்பல்கள் பட்டப்பகலில் வெட்டுக்கத்தியோடு மோதிக்கொண்டன. மூன்றாம் நாளே விற்பனைக்கு இடைக்காலத் தடை. செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பதே குற்றம். வெட்டும் விளிம்பு 20 செண்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வெட்டுக்கத்தி. மீறினால் இரண்டு ஆண்டு சிறை அல்லது 47,000 டாலருக்கு மேல் அபராதம். போலீஸ் நிலைய வாசல்களில் இரும்புப் பெட்டி வைத்தார்கள், கேள்வி கேட்க மாட்டோம், வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்று. சமையல் கத்திக்கு விலக்கு. விவசாய வேலைக்கும் விலக்கு உண்டு, ஆனால் கொல்லையில் ஒரே ஒரு எலுமிச்சை மரம் வைத்திருக்கிற நான் எப்படி விவசாயி ஆவேன்?

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் அரிவாள் ஒன்று வீட்டில் இருந்தது. தாத்தா பட்டறையில் நின்று சொல்லிச் செய்த பொருள். அளந்தேன், 22 செண்டிமீட்டர். துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. இப்போது தேங்காய் உடைப்பது சுத்தியலால்.

இதைப் படித்துவிட்டு நான் தடைக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். அந்த வளாகத்துக்குத்தான் என் மகள் சனிக்கிழமைதோறும் போவாள். அந்த மே மாதத்துக்கு அப்புறம் இரண்டு மாதம் நாங்கள் அனுப்பவில்லை. அரிவாள் போனதில் எனக்கு வருத்தம், தடை வந்ததில் நிம்மதி, இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

லீபஜார் பையன்
இதைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்திலும் 2024 செப்டம்பர் 24 முதல் பிசாசுக் கத்தி என்கிற வகைக்குத் தடை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நிஞ்சா வாளுக்கும். அவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியாது?

கோர்ட் குமாஸ்தா
தம்பி, அந்தத் தடையின் வாசகத்தைப் பாருங்கள். 8 அங்குலத்துக்கு மேல், கூர்முனை, அதோடு ரம்பப் பல்லோ வரிசையான துளைகளோ முள்ளோ இருக்க வேண்டும். அதாவது ஒருவனைப் பயமுறுத்துவதற்கென்றே அலங்காரம் செய்த கத்தி. பல்லோ முள்ளோ இல்லாத சாதாரண வெட்டுக்கத்தி அந்தத் தடையில் விழவில்லை. அங்கே உண்மையான பிடி 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத் தவிர எதைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தாலும் தக்க காரணத்தைக் கொண்டுவந்தவன்தான் நிரூபிக்க வேண்டும். ஜப்பான் இன்னும் கறார், 6 செண்டிமீட்டருக்கு மேலே போனால் காரணம் வேண்டும். 2008இல் டோக்கியோ அகிஹபாராவில் ஏழு பேர் இறந்த பிறகு, இருபக்கமும் கூரான குத்துவாள் 5.5 செண்டிமீட்டர் இருந்தாலே வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் கையில் இருந்தது சாதாரணச் சமையல் கத்தி. பதினேழு வயதில் ஆன்லைனில் வாங்கியிருந்தான். பதினெட்டுக்குக் கீழே விற்கக்கூடாது என்ற சட்டம் அங்கே முன்பே இருந்தது.

லீபஜார் பையன்
சட்டம் இருந்தும் நடந்தது, அதனால் சட்டமே வேண்டாமா? அருமையான வக்கீல் புத்தி.

மட்டுறுத்துனர்
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இதற்கு முன் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயரை இழுத்த நண்பருக்கு ஒரு வாரம் ஓய்வு.

அம்மாபேட்டை டீச்சர்
நீக்கிய பதிவை நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அன்று எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் அருவா எங்கே கிடைத்தது, பையில் எப்படி வந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம். மறுநாளே பைகளைச் சோதித்தோம். என்ன கிடைத்தது தெரியுமா? ஒரு காம்பஸ், இரண்டு போன், எட்டாம் வகுப்புப் பையனிடம் அரை டப்பா மாங்காய் ஊறுகாய். பிள்ளைகளின் மணிக்கட்டில் இருந்த, சாதியைக் காட்டுகிற கலர் கயிறுகளை அன்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கைதான் அந்தக் கயிறுகளைக் கழற்றச் சொன்னது.

அங்குலக் கணக்கு நமக்கு வசதியாக இருக்கிறது, ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி, கல்லூரி, பஸ், கோயில் கூட்டம் இந்த இடங்களில் கூரானது எதுவும் கூடாது என்று கறாராகச் சொல்லலாம். கொண்டுவருவதைத் தடு, வைத்திருப்பதை விடு. எனக்கு அவ்வளவுதான் தோன்றுகிறது.

உலைக்களம்
மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுடையது கொல்லுப் பட்டறை, நான்காம் தலைமுறை. காப்பிக்காடு அண்ணாவுக்கு அடித்தது நாங்கள் இல்லை, ஆனால் அந்த நோட்டு எங்களிடமும் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் ரவுடிகளைச் சல்லடை போட்டுத் தேடியது, ஆபரேஷன் டிஸ்ஆர்ம் என்று பெயர். அந்தச் சமயத்தில்தான் எங்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். கேமரா வையுங்கள், வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதுங்கள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் விற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். எழுதுகிறோம். முதல் வருடம் ஒருமுறை வந்து நோட்டைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரும் வரவில்லை. இப்போது அந்த நோட்டால் நடக்கிற ஒரே நல்ல காரியம், ஆறு மாதம் ஆனதும் நானே போன் போட்டுச் சாணை பிடிக்க வரச் சொல்கிறேன். வியாபாரம் கூடியிருக்கிறது.

நோட்டில் இல்லாத ஒரு சோதனை எங்களிடம் இருக்கிறது. அப்பா யார் வந்தாலும் முதலில் கேட்பது, "என்ன மரம்?" தென்னை என்றால் பாளை சீவவா, மட்டை கழிக்கவா? சீமைக் கருவேலம் என்றால் கனம் வேண்டும், அலகு குட்டையாக இருக்க வேண்டும். சில்வர் ஓக் என்றால் ஏறி நின்று ஒரு கையால் வெட்டுகிற வேலை, அதனால் கனம் முன்பக்கம் இருக்க வேண்டும், நுனியில் மூக்கு வளைந்திருக்க வேண்டும். வெட்டிய கிளையை அதால்தான் இழுப்பார்கள். கல்லில் பட்டால் வாய் மடங்காமல் காப்பாற்றுவதும் அந்த மூக்குதான். வேலைக்காரன் இதையெல்லாம் கேட்காமலே சொல்லுவான். போன கொடுவாளில் என்ன குறை என்று அரை மணி நேரம் பேசுவான்.

"நீளமா வேணும், லேசா வேணும், மூக்கு வேண்டாம், பளபளன்னு இருக்கணும்" என்று ஒருவன் வந்தால்? என்ன மரம் என்று அப்பா கேட்பார். அவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பான். பட்டை இல்லை தம்பி, லாரி ஸ்பிரிங் பட்டை வரத்தே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். பட்டை பின்னால் குவிந்து கிடக்கும். அப்படி நஷ்டமான ஆர்டர் மாதம் இரண்டு மூன்று இருக்கும். அதை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

லீபஜார் பையன்
அண்ணா, இது எனக்குப் பிடித்திருக்கிறது, உண்மையாகவே. ஆனால் உங்கள் அப்பா திருப்பி அனுப்பிய பையன் வீட்டுக்குப் போய் போனைத் திறக்கிறான். அலங்கார வாள், சுவரில் மாட்ட என்று போட்டு விற்கிறார்கள். டெலிவரி செய்கிறவர் என்ன மரம் என்றா கேட்கிறார்? ஓடிபி கேட்கிறார். ஆசிட்டுக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன மாதிரி, அடையாள அட்டை, காரணம், பதிவேடு, பதினெட்டுக்குக் கீழே கிடையாது என்று கத்திக்கும் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

உலைக்களம்
பதினெட்டுக்குக் கீழே கிடையாது என்பதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆன்லைன் அலங்கார வாளையும் நிறுத்தட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஆசிட் மாதிரி இது வராது தம்பி. ஆசிட் ஊற்றினால் தீர்ந்துவிடும், அடுத்த பாட்டிலுக்கு மறுபடி வர வேண்டும். கொடுவாள் தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும். கொங்கணாபுரம் சந்தையில் பழைய இரும்போடு கை மாறும். என் நோட்டில் இருக்கிற பெயருக்கும் பத்து வருடம் கழித்து அதைப் பிடித்திருக்கிற கைக்கும் என்ன சம்பந்தம்? ஏதாவது நடந்தால் முதலில் ஸ்டேஷனுக்குப் போவது நோட்டில் இருக்கிறவரும் நானும்.

நைட் டியூட்டி
அது நடக்கும். ஆனாலும் தம்பி, நோட்டு இருக்கிறது என்று தெரிந்தே வராமல் போனவன் ஒருவனாவது இருப்பான் இல்லையா? அவன் என் வார்டுக்கு ஆள் அனுப்பவில்லை. அவனை யாராலும் எண்ண முடியாது.

உலைக்களம்
இருப்பான் அக்கா. அதனால்தான் இன்னும் எழுதுகிறேன்.

கோர்ட் குமாஸ்தா
காப்பிக்காடு அண்ணாவுக்கு நடைமுறையாக மூன்று சொல்: இனி ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் காட்டுங்கள், அதுவும் செல்லுபடியாகும். அலகைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி எடுத்துப் போங்கள், பிடியை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். பட்டறையில் ஒரு துண்டுச் சீட்டும், சிட்டா நகல் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். சட்டப்படி கட்டாயமில்லை. கால் மணி நேரம் மிச்சமாகும்.

1950இல் இங்கே கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடைச் சட்டம் போட்டார்கள். அரை நூற்றாண்டு அது பாட்டுக்குத் தூங்கியது. 2003இல் திடீரென்று எழுப்பினார்கள், கூச்சல் வந்தது, 2004இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஒன்பது அங்குலத் தடை வந்தால் அதுவும் அப்படித்தான் தூங்கும் என்பது என் கணிப்பு. தூங்குகிற சட்டத்தால் ரவுடிக்கு ஒன்றும் ஆகாது. பைக்கில் கொடுவாளோடு மலை ஏறுகிறவனைப் பார்க்கும்போது மட்டும் அதற்கு விழிப்பு வரும்.

முறுக்கு
ஆக, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா கூடாதா?

அம்மாபேட்டை டீச்சர்
வைங்க. பொரிகடலையை எங்களுக்கும் அனுப்புங்க.

காப்பிக்காடு
எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குப்பனூர் வழியாக இறங்கி ஏறினேன், சாக்கில் சுற்றி. யாரும் நிறுத்தவில்லை. உலைக்களம் தம்பி, ஒரு சந்தேகம். அப்பாவின் பழைய கொடுவாளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. விரிசல் நுனியிலிருந்து மூன்று விரல் தள்ளி இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

உலைக்களம்
ஒட்ட வைத்தால் நிற்காது அண்ணா. விரிசல் வரைக்கும் வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் காய்ச்சி நீட்டி, புது மூக்கு வைத்துத் தருகிறேன். எட்டரை அங்குலம் வரும். வீட்டில் விறகு சிராய்க்க, பலா வெட்ட ஆகும்.

முறுக்கு
எட்டரையா? டீக்கடைக்காரருக்கும் சம்மதம்.

உலைக்களம்
கொண்டு வாங்க அண்ணா. அமாவாசைக்கு மட்டும் வராதீங்க, உலை மூடியிருக்கும். நோட்டில் எழுத வேண்டியதில்லை, பழசுதானே.